டீச்சரின் இரண்டு குண்டான்கள்

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மேல்மாடிக் கதவு திறக்கும். பிறகு படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிவரும். இரண்டாவது மாடியிலிருந்து தரைக்கு முப்பத்தாறு படிகள். பதினெட்டாவது படியில், சரியாக எங்கள் வாசலுக்கு எதிரே, அந்தச் சத்தம் நிற்கும். வலது கையிலிருக்கும் பெரிய அலுமினியக் குண்டானை இடது கைக்கும், இடது கையிலிருக்கும் சின்ன எவர்சில்வர் குண்டானை வலது கைக்கும் டீச்சர் மாற்றிக்கொள்வார். படுக்கையில் கிடந்தபடி நான் எண்ணுவேன். ஏழு எண்ணுவதற்குள் சத்தம் மறுபடி இறங்கத் தொடங்கிவிடும். ஒரு கட்டத்தில் அந்த ஏழு பதினொன்றாயிற்று, பிறகு இருபதாயிற்று. மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் மகனோடு கோயம்புத்தூர் போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் அந்த நேரத்துக்கு விழிப்பு வருகிறது. வெளியே வெளுப்பதற்கும் வெளுக்காமல் இருப்பதற்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறம் நிற்கும். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். கேட்காத சத்தத்தையும் முப்பத்தாறு வரை எண்ணி முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளிலும் ஒருவரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. ஏதோ ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் கடுகளவு சிலுவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டுப் புடவை. அந்தப் புடவையிலும் குண்டான்களோடு இறங்குவார்.

பெரிய குண்டான் நாய்களுக்கு. நொய்யரிசியைக் குழைய வடித்து, பூசணியும் கேரட்டும் போட்டு, கோழிக்கடையில் கொடுக்கும் தோலையும் கழுத்தையும் வேகவைத்துப் பிசைந்திருப்பார். சின்ன குண்டான் பூனைகளுக்கு. அதில் ஒரு பருக்கை சோறு இருக்காது. முள் எடுத்த மீன், கொஞ்சம் ஈரல், சில நாள் அவித்த முட்டை, அவ்வளவுதான். நாய்களுக்கு வாசல் கேட்டுக்கு வெளியே மின்மாற்றிப் பக்கம். பூனைகளுக்குப் பின்பக்கம், மோட்டார் அறைக் கூரைமேல். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் என் அடியில் நாற்பத்தாறு அடி.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் ஒரு மீன்கார அம்மா உட்காருவார். ஒருநாள் பால் வாங்கப் போன நான் டீச்சருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது.

"இன்னா டீச்சரு, உனுக்கு வாங்குறியா, பூனைக்கு வாங்குறியா?"

"ஏன் கேக்குற?"

"உனுக்குன்னா இன்னாத்தையோ தலைய ஆட்டிகினு எடுத்துகினு போற. பூனைக்குன்னா செவுள தூக்கிக் காட்டு, கண்ணக் காட்டுன்னு பேஜார் பண்ற. அதான், முன்னாடியே தெரிஞ்சா நல்லதா பொறுக்கி வெப்பேன்ல?"

"பூனைக்குத்தான். நல்லதா பொறுக்கு."

"நாய்க்கு?"

"நாய்க்கு ரெண்டு தலை போடு, போதும். அது கூட சோறு இருக்கு."

"அந்த நாய் மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

டீச்சர் சிரித்தார். "அது ஒரு பாவமும் பண்ணல. அதுக்குக் கொடுப்பினை ஜாஸ்தி. எதைத் தின்னாலும் செரிக்கும்."

திரும்பி வரும்போது நானும் அதையே கேட்டேன். எனக்கு இது அநியாயமாகத்தான் பட்டது. நாய்க்கு ஒரு குண்டான் நிறைய, பூனைக்கு இரண்டு கைப்பிடி. ஆனால் நல்ல மீனெல்லாம் பூனைக்கு.

"நாய் மனுஷன்கூட ரொம்ப காலமா இருக்கு சார்," என்றார் டீச்சர். "நம்ம சோத்துக்குப் பழகிடுச்சு. பூனை நம்ம வீட்டுல இருக்கே தவிர, அதோட வயிறு இன்னும் காட்டுலதான் இருக்கு. இந்தக் கேரட்டை எடுத்துக்குங்க. நாய் தின்னா அதுலேர்ந்து கண்ணுக்கு வேண்டிய சத்தைத் தானே பண்ணிக்கும். பூனை தின்னா கேரட் கேரட்டாவே கிடக்கும். மாத்திக்கத் தெரியாது. வேற ஒரு உசிரு மாத்தி வச்சதைத்தான் தின்னணும்."

நான் அரசாங்கத்தில் கணக்கெடுப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். எத்தனை தலை, எத்தனை பங்கு என்பதுதான் எனக்குத் தெரிந்த நியாயம். அதைச் சொன்னேன்.

"தேர்வு ஹால்ல வினாத்தாள் கொடுக்குற மாதிரி எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு கொடுக்கணுங்கிறீங்க," என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க நின்று, குண்டான்களைப் போலவே மீன்பையைக் கை மாற்றிக்கொண்டார்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். கிறிஸ்துமஸ் அன்று பன்னிரண்டு வீட்டில் தன் வீடு போக மீதிப் பதினொன்றுக்கும் தட்டு வரும். பதினொரு தட்டும் பதினொரு விதமாக இருக்கும். சர்க்கரை நோயாளிக்குக் கொய்யாக்காய். பல் கட்டியவருக்கு மெத்தென்று ஏதோ. சாப்பாட்டில் சைவமான எங்களுக்கு முறுக்கும் வாழைப்பழமும்.

"வாசனை பார்க்கவாவது ஒரு துண்டு கேக் வச்சிருக்கலாம்," என்று என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "முட்டை போட்டதுன்னு தெரிஞ்சா நான் என்ன தின்னுடவா போறேன்?"

அது எப்படியோ மேல்மாடிக்குப் போயிருக்கிறது. அடுத்த வருடம் எங்கள் தட்டில் கேக் இருந்தது. "முட்டை கிடையாது அக்கா. பாத்திரமும் புதுசு," என்று வாசலிலேயே நின்று சொன்னார். உள்ளே வரவில்லை. எங்கள் சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. அந்த மரியாதையைப் பற்றித்தான் நான் இப்போது அதிகம் யோசிக்கிறேன்.

ஒருமுறை உறவினர் திருமணத்துக்கு மூன்று நாள் ஊருக்குப் போனார். இரண்டு குண்டான்களையும் என்னிடம் கொடுத்து, சமையல்காரப் பெண் வந்து ஆக்கிக் கொடுப்பாள், நீங்கள் வைத்தால் போதும் என்றார். நாய் ஐந்து, பூனை ஒன்பது. ஆகப் பதினான்கு. நான் பதினான்கு தொன்னைகள் வாங்கிவந்தேன். இரண்டு குண்டானையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, தொன்னைக்கு மூன்று கரண்டி வீதம் போட்டு, வரிசையாக வைத்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. ஐந்து நாய்களும் ஐந்து தொன்னையை முடித்துவிட்டு மீதி ஒன்பதையும் முடித்தன. ஒன்பது பூனைகளும் மோட்டார் அறைக் கூரையில் உட்கார்ந்து, கீழே நடப்பதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தன. தாம்பரம் பக்கமிருந்து பயிற்சி விமானம் ஒன்று தலைக்குமேல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பதினெட்டுக் கண்களும் அசையவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே.

டீச்சர் திரும்பி வந்து கேட்டார்: "எத்தனை பூனை சாப்பிட்டுது சார்?"

"ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் நான் எல்லாருக்கும் சமமாகத்தான் வைத்தேன்."

"அதான்," என்றார். குண்டான்களை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

எங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. வெள்ளச்சி. மழைநாளில் குட்டியாகப் படியேறி வந்தது. என் மனைவிக்கு முழங்கால் இரண்டும் போன பிறகு, பகலில் பாதி நேரம் அது அவள் மடியில் இருக்கும். அவள் தயிர்சாதத்தை விரலால் மசித்து ஊட்டுவாள். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்: "எங்க வெள்ளச்சி சுத்த சைவம். தயிர்சாதம் தவிர எதையும் மோந்துகூடப் பார்க்க மாட்டா."

டீச்சரிடமும் சொன்னாள். டீச்சர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெளிய போகுமா அக்கா?"

"போவா. மத்தியானம் ஜன்னல் வழியா இறங்கினா ரெண்டு மணி நேரம் சுத்திட்டுத்தான் வருவா."

"அப்ப சரி," என்றார் டீச்சர்.

அந்த 'அப்ப சரி'க்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் வேளச்சேரி சாலையில் இரண்டு பூனைகள் அடிபட்டுச் செத்தன. ஒன்று மோட்டார் அறைப் பூனை, மற்றது எங்கிருந்தோ வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளச்சி சாலையைத் தாண்டிப் போகிறதா என்று மாடியில் நின்று பார்த்தேன். நான்கு நாளில் ஆறு தடவை தாண்டியது. ஆளை வரவழைத்து ஐந்து ஜன்னல்களுக்கும் ஒரு பால்கனிக்கும் வலை அடித்தேன். கண்ணி ஒன்று ஒரு அங்குலம், குருவிகூட நுழையாது.

வலை அடித்த ஆள் படியிறங்கும்போது டீச்சர் ஏறிவந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"இனிமே வெளியவே போகாதா சார்?"

"போகாது. பத்திரமாக இருக்கும்."

வெள்ளச்சி ஜன்னல் திட்டில் உட்கார்ந்து வலையை முகர்ந்துகொண்டிருந்தது. டீச்சர், "அப்படின்னா அதுக்குக் கொஞ்சம்…" என்று தொடங்கினார். அதற்குள் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு தயிர்சாதக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"என்ன டீச்சர்? என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல அக்கா. வலை நல்லா இருக்கு."

பிறகு பதினான்கு மாதங்கள். வெள்ளச்சி மெலிந்தது. நாய், பூனை உணவு விற்கும் கடைக்குப் போய், பச்சைப் புள்ளி போட்டதாக, சைவமாக ஏதாவது வேண்டும் என்று கேட்டேன். "பூனைக்கு சைவத்துல இல்ல சார், நாய்க்குத்தான் இருக்கு," என்றான் கடைக்காரன். நாய்க்கு நாற்பத்திரண்டு பல், பூனைக்கு முப்பது. மற்றபடி நான்கு கால், ஒரு வால். அளவைக் குறைத்தால் போதும் என்று நாய்த்தீனியையே வாங்கிவந்தேன். பையில் அச்சடித்திருந்த எடைக் கணக்கை வகுத்துப் பார்த்து, நாளைக்கு நாற்பது உருண்டை என்று முடிவு செய்தேன். ஒரு நாளும் முப்பத்தொன்பதோ நாற்பத்தொன்றோ போட்டதில்லை.

அந்தக் காலத்து மத்தியானங்கள் எனக்கு ஒரே மத்தியானமாகத்தான் நினைவிருக்கின்றன. விசிறி மெதுவாகச் சுற்றும். மாடம்பாக்கம் பக்கமிருந்து கோயில் மணி வந்தது போலவும் வராதது போலவும் இருக்கும். என் மனைவி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருப்பாள். அவள் மடியில் வெள்ளச்சி விழித்திருக்கும். அதன் கண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. மஞ்சள் ஓரம் மட்டும் நூலளவு மிஞ்சி, நடுவெல்லாம் கருப்பு. உள்ளே எங்கோ ஒரு பச்சை வெளிச்சம். ஜன்னல் வலையின் கட்டங்கள் அந்தக் கருப்பில் தெரியும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவற்றை எண்ண முயல்வேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் தூக்கம் வந்துவிடும். இவ்வளவு அழகான கண்களை நான் பார்த்ததில்லை.

"கண்ணு எவ்வளவு அழகாயிடுச்சு பாருங்க," என்பாள் மனைவி. "குட்டியில இப்படி இல்ல."

நாற்காலியில் ஏறக் குதித்துத் தவறி விழுந்தபோது சிரித்தோம். அது ஒரு மாதத்தில் மூன்று முறை நடந்தது.

குடிதண்ணீர்த் தொட்டி கழுவும் விஷயமாகக் கையெழுத்து வாங்க டீச்சர் ஒருநாள் நண்பகலில் வந்தார். வழக்கம்போல வாசலில்தான் நின்றார். பேனாவைத் தேடி நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்திருந்தார். என் மனைவியின் மடியிலிருந்து வெள்ளச்சியைத் தூக்கினார். பால்கனியில் கொளுத்தும் வெயிலுக்கு அதன் முகத்தைக் காட்டினார். அந்த வெயிலிலும் கண்மணி சுருங்கவில்லை. முகத்துக்கு நேராக விரலை ஆட்டினார். வெள்ளச்சி விரலைப் பார்க்கவில்லை, விரல் போன பக்கம் காதைத்தான் திருப்பியது.

டீச்சர் ஜன்னலோரம் இருந்த நாய்த்தீனிப் பையையும் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வலை போட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார்."

"என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

"இது சைவமே இல்ல சார். எப்பவுமே இல்ல. வெளிய போய் எலி, பல்லி, ஓணான்னு தின்னுட்டு, வீட்டுக்கு வந்து அக்கா கையால தயிர்சாதம் சாப்பிட்டுது. வலை போட்டப்புறம்தான் நிஜமாவே சைவமாச்சு. பூனைக்கு மாமிசத்துல இருக்குற ஒரு சத்து இல்லன்னா கண்ணு போயிடும். இதயமும் வீங்கிடும். நாய் அந்தச் சத்தைத் தானே உண்டாக்கிக்கும். அதனால நாய் தீனியில அது இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு."

எனக்குக் கோபம் வந்தது. "எல்லாம் தெரிந்துகொண்டு மேலேயும் கீழேயும் நடந்துகொண்டிருந்தீர்களா?"

"உங்க வீட்டு அடுப்புல என்ன ஏறணும்னு நான் எப்படி சார் சொல்றது? நீங்க என்னை மதிச்சு வச்சிருக்கீங்க. மீனைக் கொண்டாந்து உங்க வாசல்ல வைக்கவா?" அவர் வெள்ளச்சியைத் தடவிக்கொண்டே இருந்தார். "தினமும் உங்க கதவுக்கு வெளிய நிப்பேன். இன்னிக்குச் சொல்லிடலாம், இன்னிக்குச் சொல்லிடலாம்னு. அப்புறம் இறங்கிடுவேன்."

மூட்டுவலி இல்லை அது. பதினான்கு மாதங்கள் அந்தத் தயக்கத்தைத்தான் நான் படுக்கையில் கிடந்து எண்ணியிருக்கிறேன்.

என் மனைவியின் மடி காலியாக இருந்தது. இரண்டு கைகளையும் அதில் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "ஒருநாள் மீசையில பல்லி வாலு ஒட்டியிருந்துது. நான்தான் துடைச்சு விட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

தாம்பரத்தில் கால்நடை மருத்துவர் இரண்டு கண்ணையும் விளக்கடித்துப் பார்த்தார். போன பார்வை போனதுதான். நிழலும் வெளிச்சமும் கொஞ்சம் தெரியலாம் என்றார். இதயம் வீங்கத் தொடங்கியிருக்கிறது, அதைத் திருப்பிவிடலாம். டாரின் என்ற அந்தச் சத்தை மாவுப் பொட்டலமாகக் கொடுத்தார். "மீனோ கோழியோ, கலந்து கொடுங்க. முதல்ல இது நல்லா சாப்பிடணும். பூனை மூணு நாள் சேர்ந்தாப்பல சாப்பிடலன்னா ஈரல் கெட்டுடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

"இந்த வீட்டுக்குள்ள மீன் வராது," என்றாள் மனைவி. "அவ மேல போய்ச் சாப்பிடட்டும். டீச்சர் பார்த்துப்பாங்க."

வெள்ளச்சி மேலே போயிற்று. டீச்சர் சங்கரா மீனை வேகவைத்து, முள் எடுத்து, மாவு கலந்து வைத்தார். அது சாப்பிடவில்லை. ஈரல் வைத்தார். முட்டை வைத்தார். வாயில் தடவிவிட்டார். துப்பியது. கண் தெரியாத புது வீட்டில், கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தது. நான் இரண்டு நாளில் பதினேழு தடவை படியேறிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தட்டு வைத்தபடியே இருந்தது. பதினான்கு வயிற்றுக்கு இத்தனை காலம் சோறு போட்டவர், என் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ருசி மறந்துபோச்சு சார். சாப்பாடுன்னா அதுக்கு அக்கா விரல்தான்."

கீழே வந்து அதை அப்படியே சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, "கையைப் பிடிங்க," என்றாள்.

"எங்கே?"

"எங்கேயா? எண்ணிக்கிட்டே இருங்க, நான் ஏறிடறேன்."

இரண்டு வருடமாக அவள் படியேறியதில்லை. பதினெட்டுப் படிக்குப் பதினோரு நிமிடம் ஆனது. நான்கு இடத்தில் நின்றாள். டீச்சர் கதவைத் திறந்ததும் மீன் வேகும் வாசனை முகத்தில் வந்து மோதியது. மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒரு நொடி திரும்பிவிடுவாள் என்றே நினைத்தேன். பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரோரம் கிடந்த தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அடியே வெள்ளச்சி."

கட்டிலுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. பிறகு அதுவே வந்தது. சுவரை உரசிக்கொண்டு, நின்று நின்று, குரல் வந்த பக்கமாக.

டீச்சர் தட்டைக் கொண்டுவந்து மனைவியின் காலடியில் வைத்தார். வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். சுவரில் ஒன்றுமில்லை.

மனைவியின் விரல்கள் தட்டுவரை போய் இரண்டு முறை திரும்பி வந்தன. அறுபத்தாறு வயதுவரை அந்த விரல்கள் அதைத் தொட்டதில்லை. மூன்றாவது முறை தொட்டன. ஒரு சின்னத் துண்டை எடுத்துக் கட்டைவிரலால் மசித்தாள். தயிர்சாதத்தை மசிப்பது போலவே, அதே நிதானத்தில்.

"சாப்பிடுடி கண்ணு," என்றாள். "தயிர்சாதம்தான்."

வெள்ளச்சி விரலை முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. நக்கியது. பிறகு விரலோடு சேர்த்து வாயில் கவ்வியது.

"டீச்சர்," என்றாள் மனைவி. "திரும்பிப் பாருங்க டீச்சர், சாப்பிடறா."

டீச்சர் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கின.

"சத்தம் கேக்குது அக்கா," என்றார். "நீங்க ஊட்டுங்க."